டிவி தேர்தல் விளம்பரம் யாரைக் குறிவைக்கிறது? வேலூரில் உட்கார்ந்து பதிவேடு போடும் முறை

தேர்தல் விளம்பரம் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதை விளம்பரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பாட்டி வருகிறார், சரி, முதியோருக்கு. டிராக்டர் வருகிறது, சரி, விவசாயிக்கு. இரண்டு நாளில் நோட்டு நிறைந்துவிடும். மூன்றாம் நாள் திருப்பிப் பார்த்தால் எல்லாக் கட்சியும் எல்லோரையும் குறிவைக்கிறது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது.

பேச்சு மலிவு, இடம்தான் விலை. ஒரு விளம்பரத்தில் பாட்டியையும் பேத்தியையும் சேர்த்துக் காட்டக் கூடுதல் செலவு பெரிதாக ஆகாது. ஆனால் இரவு எட்டு மணி சீரியலுக்கு நடுவே பத்து விநாடி வாங்கப் பெரும் பணம் வேண்டும். அதனால் கட்சி யாரை நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது எந்தச் சேனல், எத்தனை மணி, எதற்கு அடுத்து என்பதில் வெளிப்படுகிறது. முதலில் இடத்தை எழுதுங்கள், பேச்சை அப்புறம் பார்க்கலாம். இந்த வழிகாட்டியின் வரிசை முழுக்க அந்த அடிப்படையில்தான் போகிறது.

வேலூரில் 2019, 2021, 2024 தேர்தல்களில் கல்லூரி மாணவர்களை வைத்துக்கொண்டு டிவியில் வரும் தேர்தல் விளம்பரங்களைத் தாளில் பதிவு செய்யும் இந்த வேலையைச் செய்தவன் நான். கீழே சொல்லும் தவறுகளில் பாதி அவர்கள் செய்தவை, மீதி நான் செய்தவை.

1. கையில் இருக்க வேண்டியவை

கேபிள் இணைப்பும் செட்டாப் பாக்ஸும் உள்ள டிவி ஒன்று வேண்டும். டிடிஎச் இருந்தால் அதுவும் ஆகும், ஆனால் எல்லா வீட்டிலும் டிடிஎச் மட்டுமே இருந்தால் லோக்கல் கேபிள் சேனல் உங்களுக்குக் கிடைக்காது. ஒரு வீட்டிலாவது கேபிள் இருக்க வேண்டும்.

போனில் யூடியூப் நேரலை பார்த்துப் பதிவு செய்யக் கூடாது. மாணவர்கள் பத்தில் ஏழு பேர் முதல் நாள் இதைத்தான் செய்வார்கள். நேரலையின் நடுவே யூடியூப் போடும் விளம்பரம் அந்தப் போன்காரருக்கு என்று பொறுக்கி எடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் போனில் வேறு ஒன்று ஓடும். அது டிவி விளம்பரமே இல்லை.

ஒரு டிவிக்கு இரண்டு பேர். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். தனியாக உட்கார்ந்தால் குனிந்து எழுதும் ஐந்து விநாடிக்குள் அடுத்த விளம்பரம் போய்விடும். ரிமோட் இந்த இரண்டு பேர் கையில்தான் இருக்க வேண்டும். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் பாட்டி வந்து நடுவில் சேனலை மாற்றிவிட்டார். எழுதிக்கொண்டிருந்த பையன் அதைக் கவனிக்காமல் இருபது நிமிடத்தைத் தவறான சேனல் பெயரில் எழுதி வைத்தான். அன்றைய தாளையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

கடிகாரத்துக்குப் போன் போதும். சுவர்க்கடிகாரம் வேண்டாம், நம் ஊர் சுவர்க்கடிகாரங்கள் ஐந்து நிமிடம் முன்னால் ஓடுவதற்கென்றே மாட்டப்பட்டவை.

2. தொகுதி எல்லையை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள்

டிவியைப் போடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் தொகுதியை எழுதுங்கள். இதை விட்டுவிட்டு ஆரம்பித்தால் பின்னால் பாதித் தாள் எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாமல் நிற்பீர்கள்.

வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர். கடைசி இரண்டும் 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் வேலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் காட்பாடி, நாடாளுமன்றத் தேர்தலில் அரக்கோணம் தொகுதியோடு போகிறது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேட்பாளர் மாறிவிடுகிறார், கேபிளில் ஓடும் முகமும் மாறிவிடுகிறது.

2024-இல் காட்பாடியில் தங்கியிருந்த ஒரு குழு, தங்கள் லோக்கல் சேனலில் வேலூர் வேட்பாளரின் விளம்பரமே வரவில்லை என்று இரண்டு நாள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தது. அதை ஒரு கண்டுபிடிப்பாகக் கட்டுரையில் எழுதவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

3. இரண்டு தாள்: மாநிலச் சேனலுக்கு ஒன்று, லோக்கல் கேபிளுக்கு ஒன்று

சன் டிவியிலோ விஜய் டிவியிலோ வேலூரில் ஓடும் விளம்பரம்தான் நாகர்கோவிலிலும் அதே நிமிடத்தில் ஓடுகிறது. அந்தச் சேனல்களில் வேலூர்க்காரரை மட்டும் தனியாகப் பிடிக்க வழி கிடையாது. அங்கே கட்சி பிடிக்க முடிவது வயது, பாலினம், வேலை, வசதி ஆகியவற்றைத்தான். ஊரைப் பிடிக்க வேண்டுமென்றால் லோக்கல் கேபிளுக்குத்தான் வர வேண்டும்.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. வேட்பாளருக்குச் செலவு வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் 2022 முதல் நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். கட்சிக்கு வரம்பே கிடையாது. வேட்பாளரின் பெயரோ படமோ விளம்பரத்தில் வந்தால் அந்தச் செலவு அவர் கணக்கில் ஏறும். தலைவர் முகமும் சின்னமும் மட்டும் வந்தால் அது கட்சியின் பொதுப் பிரசாரம். மாநிலச் சேனல் விளம்பரங்களில் உங்கள் தொகுதி வேட்பாளரை ஏன் காணோம் என்பதற்குப் பாதிப் பதில் இதுதான். மீதிப் பாதி, நாகர்கோவில்காரருக்கு அவர் யாரென்றே தெரியாது.

ஆகவே ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள். முதல் தாள் எந்த வகை மக்கள் என்று சொல்லும், இரண்டாவது எந்த ஊர் என்று சொல்லும்.

4. சேனல்களைக் குறைவாகத் தேர்ந்தெடுங்கள்

எல்லாச் சேனலையும் பார்க்கலாம் என்ற ஆசை முதல் கூட்டத்திலேயே வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஆறு போதும்: சீரியல் அதிகம் ஓடும் பொதுச் சேனல் இரண்டு, செய்திச் சேனல் இரண்டு, சினிமா அல்லது காமெடிச் சேனல் ஒன்று, லோக்கல் கேபிள் ஒன்று. தேர்தல் ஏப்ரலில் வந்தால் ஐபிஎல் ஓடும் தமிழ் விளையாட்டுச் சேனலையும் சேருங்கள். 2024-இல் மார்ச் 22 அன்று ஐபிஎல் தொடங்கியது, ஏப்ரல் 19 நமக்கு வாக்குப்பதிவு. பிரசாரம் முழுக்க இரவு கிரிக்கெட்டோடுதான் ஓடியது. முதல் முறை ஓட்டுப் போடும் பையன்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியாதவர்கள் யார்?

எது அதிகம் பார்க்கப்படுகிறது என்பதற்கு, டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) நிறுவனம் வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். அதைப் பயன்படுத்தும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: அந்தக் கணக்கு தமிழ்நாடு–புதுச்சேரி முழுவதுக்குமானது. வேலூருக்கென்று அதிலிருந்து ஒரு எண்ணைப் பிய்த்து எடுக்க முடியாது.

கட்சிகளோடு நெருக்கமான சேனல்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கலைஞர் டிவி, நியூஸ் ஜெ, மக்கள் டிவி போன்றவை எந்தக் கட்சிப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். அங்கே அந்தக் கட்சியின் விளம்பரம் ஓடினால் அது ஏற்கெனவே ஓட்டுப் போடப்போகிற தொண்டரைச் சூடாக வைத்திருக்கத்தான். அதே கட்சி பொதுச் சேனலில் சீரியல் நேரத்துக்குப் போகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் குடியாத்தம், காட்பாடிப் பக்கம் தெலுங்குச் சேனல் ஓடும் வீடுகள் உண்டு. 2024-இல் ஆந்திராவுக்கு வாக்குப்பதிவு மே 13. அந்தச் சேனல்களில் ஓடியவை அவர்களுடைய தேர்தலுக்கானவை. அவற்றை நம் தாளில் ஏற்ற வேண்டாம்.

5. தாளில் என்னென்ன பத்திகள்

நாள், சேனல், மணி–நிமிடம், ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சி, முந்தைய விளம்பரம், கட்சி, நீளம் விநாடியில், அடுத்த விளம்பரம், குறிப்பு. இவ்வளவுதான். இதே வரிசையில் வையுங்கள், கட்சியின் பெயர் நடுவில் வரட்டும். கட்சியை முதல் பத்தியில் வைத்தால் எழுதுகிறவரின் கை தனக்குப் பிடிக்காத கட்சியைக் கூடுதல் கவனத்தோடு எழுதும். இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஒரு வாரத் தாளைப் பார்த்த பிறகு நம்புகிறார்கள்.

‘யாருக்காக’ என்ற பத்தி கூடவே கூடாது. அது இருந்தால் எழுதுகிறவர் உடனே ஊகிக்க ஆரம்பித்துவிடுவார், நேரத்தை எழுத மறந்துவிடுவார்.

திரையின் அடியில் ஓடும் எழுத்து, பக்கவாட்டிலும் கீழுமாகத் திரையைச் சுருக்கிக்கொண்டு வரும் பட்டை, இடைவேளையில் வரும் முழு விளம்பரம் மூன்றையும் வேறுபடுத்திக் குறிப்பில் எழுதுங்கள். என் முதல் தாளில் ஐந்து விநாடி பட்டையும் ஒரு நிமிட விளம்பரமும் ஒரே மாதிரி ‘1’ என்று ஏறியிருந்தன. கூட்டிப் பார்த்தபோது பட்டை மட்டும் போட்ட ஒரு சிறிய கட்சி எல்லோரையும்விட அதிகம் விளம்பரம் செய்ததாக வந்தது.

6. எப்போது உட்காருவது

நாள் முழுவதும் பார்க்க யாராலும் முடியாது. நான்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்: காலை 6.30 முதல் 8, மதியம் 12.30 முதல் 2, இரவு 7 முதல் 10, ஞாயிறு மதியப் படம்.

காலை ராசிபலன் நேரம் வயதானவர்களுக்கு. இரவு ஏழுக்கு மேல் சீரியல் நேரம். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு டிவி முன் வருவது அப்போதுதான். செய்திச் சேனல் விவாதங்கள் ஓடுவதும் அதே நேரத்தில்தான். அதைப் பார்ப்பது பெரும்பாலும் ஆண்கள், அதிலும் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். ஒரே எட்டு மணிக்கு சீரியலில் எவ்வளவு, விவாதத்தில் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தாலே ஒரு கட்சி புது ஓட்டைத் தேடுகிறதா, இருக்கிற ஓட்டைக் காக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

மதியத்தைத் தள்ளிவிடாதீர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் ஒரு மதியம் உட்கார்ந்து பாருங்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். டிவி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் கண் விரல்நுனியில். அழுகைச் சத்தம் கேட்டால் மட்டும் தலை நிமிரும். விளம்பரம் வந்தால் தலை நிமிராது, காது மட்டும் வாங்கிக்கொள்ளும். திரையில் எழுத்தாக மட்டும் வரும் வாக்குறுதி அந்த வீட்டில் யாருக்கும் போய்ச் சேராது. பாட்டாக வந்தால் மறுநாள் வாய் முணுமுணுக்கும். இதை நான் பார்த்த பிறகுதான் ‘பேச்சு, பாட்டு, எழுத்து’ என்று குறிப்பில் பிரித்து எழுதச் சொல்ல ஆரம்பித்தேன்.

எத்தனை நாள்? தொடர்ச்சியாக வேண்டாம். தேர்தல் அறிவித்த வாரத்தில் இரண்டு நாள், வேட்புமனு வாபஸ் முடிந்ததும் இரண்டு நாள், கடைசி வாரத்தில் நான்கு நாள். வேட்பாளர் பட்டியல் உறுதியாகும் வரை லோக்கல் கேபிளில் தனி முகங்கள் வராது. ஆகவே முதல் இரண்டு நாளின் லோக்கல் தாள் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

7. பக்கத்து விளம்பரத்தைப் படியுங்கள்

தாளில் புதியவர்கள் அதிகம் விட்டுவிடுவது முந்தைய விளம்பரம், அடுத்த விளம்பரம் என்ற பத்திகளைத்தான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

இரவு எட்டேகால், ஒரு சீரியல் இடைவேளை. மருமகள் கதவைத் திறக்கிறாள், திரை உறைகிறது. முதலில் துணி சோப்புத் தூள். அப்புறம் சாம்பார்ப் பொடி. அடுத்து நகைக்கடை, அட்சய திருதியைக்கு முன்பதிவு. பிறகு இருபது விநாடி கட்சி விளம்பரம். அதன் பின்னால் தங்க நகைக் கடன்.

சோப்புத் தூள்காரரும் சாம்பார்ப் பொடிக்காரரும் பல வருடமாகப் பெரும் பணம் செலவழித்து இந்த நேரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த விவரம் காசு கொடுத்தாலொழியக் கிடைக்காது. ஆனால் அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இலவசமாகத் தெரிகிறது. கட்சி விளம்பரம் அவர்களுக்கு நடுவில் வந்தால் கட்சியும் அதே வீட்டு அம்மாவைத்தான் தேடி வந்திருக்கிறது. வரிசையில் யாருக்குப் பக்கத்தில் யார் என்று முடிவு செய்வது சேனல்தான், கட்சி இல்லை. அதனால் ஒரே ஒரு இடைவேளையை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து நாள் பார்த்தால் கூட்டாளிகள் யார் என்று தெரியும்.

செய்திச் சேனலில் அதே கட்சியின் பக்கத்தில் சிமெண்ட், கம்பி, மனைப்பிரிவு, இன்வெர்ட்டர் என்று வரும். காமெடிச் சேனலில் வேறு. இந்த மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாணவி ஒருத்தி, “சார், கட்சி மாறல, பக்கத்து வீடுதான் மாறுது” என்றாள். அவள் தாள்தான் அந்த வருடம் நன்றாக இருந்தது.

8. லோக்கல் கேபிள்: ஓடும் எழுத்தை அளப்பது

லோக்கல் சேனலில் பழைய படம், கோயில் திருவிழா வீடியோ, காதுகுத்து வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, நடுவில் வேட்பாளர் என்று ஓடும். இங்கே இடைவேளைக்கு ஒழுங்கான கணக்கு கிடையாது. கால்மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் ஒரே விளம்பரம் மூன்று முறை வரும். குறைந்தது ஒரு மணி நேரம் தொடர்ந்து பார்க்காமல் எதையும் எழுதி முடிக்காதீர்கள்.

அடியில் ஓடும் எழுத்துக்கு ஒரு முறை உண்டு. மளிகைக்கடை ஒன்றின் பெயர் திரைக்குள் வரும்போது போனில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். அதே பெயர் திரும்ப வரும்வரை விடுங்கள். அதுதான் ஒரு சுற்று. வேட்பாளரின் வரி திரையில் தெரியும் விநாடியைத் தனியாக அளந்துகொண்டால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கணக்கு வந்துவிடும். ஒரு சுற்று நான்கு நிமிடம், வரி இருபது விநாடி என்றால் மணிக்குப் பதினைந்து சுற்று, முந்நூறு விநாடி.

ஊருக்கு ஊர் வாசகம் மாறுகிறதா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. வேலூரில் பாதாளச் சாக்கடையும் போக்குவரத்து நெரிசலும், ஆம்பூர் வாணியம்பாடியில் தோல் தொழிலும் பாலாற்றுக் கழிவும், அணைக்கட்டில் மலைக்கிராமச் சாலையும் பேசு பொருள்கள். ஒரே வேட்பாளர் ஒரே வாசகத்தை எல்லா ஊர்க் கேபிளிலும் ஓட்டினால் அவர் தரப்பு சேனல்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டது என்று பொருள். இந்தத் தொகுதியில் சிறிய ஊர்களைச் சோம்பேறித்தனமாக விட முடியாது: 2019 ஆகஸ்டில் நடந்த நாடாளுமன்றத் தேர்தல் 8,141 வாக்கில் முடிந்தது. பக்கத்துக் காட்பாடியில் 2021 சட்டமன்றத் தேர்தல் 746 வாக்கில்.

அந்த ஆகஸ்ட் தேர்தல் பயிற்சிக்கு நல்ல பாடமும்கூட. ஏப்ரலில் ரத்தாகி, தனியாக ஒரே தொகுதிக்கு நடந்தது. ஒரு தொகுதிக்காக மாநிலம் முழுக்கத் தெரியும் சேனலில் நேரம் வாங்கினால் பெரும்பகுதி வீண்தானே. இடைத்தேர்தல் வந்தால் நேராக லோக்கல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

9. எண்ணிக்கையை விநாடியாக மாற்றுங்கள்

டிவியில் நேரத்தைப் பத்து விநாடிக் கணக்கில்தான் விற்கிறார்கள். நாமும் அப்படியே கூட்டுவோம். முப்பது விநாடி விளம்பரம் நான்கு முறை என்றால் பன்னிரண்டு அலகு. பத்து விநாடி எட்டு முறை என்றால் எட்டு. எத்தனை முறை என்று மட்டும் பார்த்தால் இரண்டாவது பெரிதாகத் தெரியும்.

விநாடியை ரூபாயாக மாற்ற முயலாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் விலைப்பட்டியலுக்கும் கட்சி பேரம் பேசிக் கொடுக்கும் விலைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

10. இப்போது பேச்சுக்கு வாருங்கள்

இதற்குள் எந்த விளம்பரம் எந்த வீட்டைத் தேடிப் போகிறது என்று தாள் சொல்லியிருக்கும். ஒவ்வொரு விளம்பரத்தையும் இரண்டு முறை கவனியுங்கள். ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு. மூன்று கேள்விகள் போதும்.

யார் பேசுகிறார்? திரை நிறையப் பெண்கள் இருப்பார்கள், பேசுவது ஆண் குரலாக இருக்கும். கண்ணை மூடினால்தான் இது தெரியும்.

எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ‘தாய்மார்களே’ என்றால் ஒரு வயது, ‘அக்கா’ என்றால் ஒரு வயது, ‘உடன்பிறப்பே’ என்றால் கட்சிக்காரர். நம் மொழியில் முறைவைத்துக் கூப்பிட்ட உடனேயே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது, அதனால் முதல் விளிச்சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வட்டார வழக்கையும் கவனியுங்கள். கோவைத் தமிழும் மதுரைத் தமிழும் விளம்பரத்தில் அடிக்கடி வரும். ‘இன்னா’, ‘கீது’ என்று நம் பக்கத்துப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் ஆட்டோக்காரர் வாயில் சிரிப்புக்காகத்தான். எனக்கு இதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு, தாளில் அதை ஏற்றுவதில்லை.

எதைச் சுருக்கவில்லை? பிரசாரம் தொடங்கும்போது நீளமான விளம்பரம் வரும், போகப் போக அதையே இருபது, பத்து விநாடியாக வெட்டுவார்கள். ஒரு முறை முழுதாகப் பார்த்தவருக்குத் துண்டு போதும் என்பது கணக்கு. அறுபது விநாடியில் விவசாயி, மாணவன், மீனவர், குடும்பத் தலைவி என்று எல்லோரும் இருப்பார்கள். பத்து விநாடியில் யார் மிஞ்சினார் என்று பாருங்கள். எல்லோரையும் காட்ட இடமில்லாதபோது கட்சி யாரை வைத்துக்கொண்டதோ அவருக்காகத்தான் அந்த விளம்பரம்.

11. சான்றிதழ் விஷயம்

கேபிள் விதிகளின்படி அரசியல் விளம்பரத்துக்கு டிவியில் இடமே இல்லாமல் இருந்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் முன்சான்று பெற்று ஒளிபரப்பலாம் என்ற வழியைக் காட்டியது. அதனால் டிவியிலும் லோக்கல் கேபிளிலும் ஓடும் ஒவ்வொரு தேர்தல் விளம்பரத்துக்கும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் சான்று வேண்டும். பதிவுபெற்ற கட்சிகளும் வேட்பாளர்களும் ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், மற்றவர்கள் ஏழு நாள் முன்பு.

இந்த மூன்று நாளை மனதில் வைத்தால் ஒரு விஷயம் விளங்கும். நேற்று மேடையில் நடந்த சண்டைக்கு இன்றே டிவி விளம்பரத்தில் பதில் வருவது கடினம். அந்தப் பதிலைச் செய்தி, விவாதம் வழியாகக் கொடுப்பார்கள். செய்தி போல வந்து விளம்பரம் போல நடந்துகொள்ளும் துண்டு ஏதாவது கண்ணில் பட்டால் நேரத்தோடு தனித்தாளில் எழுதி, திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள். மாவட்டக் குழுவிடம் கொடுக்கலாம். ‘காசு வாங்கிப் போட்ட செய்தி’ என்று நீங்களாகத் தலைப்புப் போட வேண்டாம், அதை முடிவு செய்வது குழு.

ஏதோ பொதுநல அமைப்பின் பெயரில் வரும் விளம்பரங்களையும் தனியாக வையுங்கள். எந்தக் கட்சிக்கும் லாபமில்லை என்று பிரமாணம் எழுதிக் கொடுத்துத்தான் அவர்கள் சான்று வாங்க முடியும். எந்த இடைவேளையில் வருகிறார்கள் என்ற பத்தியை மட்டும் பாருங்கள், மீதி தானாகத் தெரியும்.

12. கடைசி 48 மணி நேரம்

வாக்குப்பதிவு முடியும் நேரத்திலிருந்து 48 மணி நேரம் பின்னால் எண்ணுங்கள். அதற்குள் டிவியில் தேர்தல் பிரசாரம் கூடாது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-ஆம் பிரிவு. 2021-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6 மாலை 7 மணி வரை இருந்ததால் ஏப்ரல் 4 மாலை 7 மணியோடு பிரசாரம் நின்றது. 2024-இல் ஏப்ரல் 19 மாலை 6 வரை என்பதால் ஏப்ரல் 17 மாலை 6. பழைய தேர்தலின் மணியை நினைவில் வைத்துக்கொண்டு 6.40-க்கு வந்த விளம்பரத்தை மீறல் என்றோ மீறல் இல்லை என்றோ எழுதிவிடாதீர்கள்.

நிற்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தை மட்டும் எல்லோரும் சேர்ந்து எல்லாச் சேனலிலும் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். கையில் மிஞ்சியிருக்கும் பணத்தையும் நேரத்தையும் கட்சி கடைசியாக யார் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பது அங்கே தெரியும்.

13. எழுதும்போது எதைச் சொல்லலாம்

‘இந்தக் கட்சி தன் பொதுச் சேனல் நேரத்தில் பெரும்பகுதியை இரவுச் சீரியல்களில் போட்டது, நாங்கள் பார்த்த எட்டு நாளில், இந்த ஆறு சேனலில்’ என்று சொல்லலாம். ‘வேலூர்ப் பெண்கள் இந்த விளம்பரத்தால் ஓட்டுப் போட்டார்கள்’ என்று சொல்ல முடியாது. தாளில் இருப்பது கட்சியின் நினைப்பு. பார்த்தவர் என்ன செய்தார் என்பதற்கு அதில் பத்தியே இல்லை.

நாளும் சேனலும் எண்ணிக்கையும் வாக்கியத்துக்குள்ளேயே வர வேண்டும். அடிக்குறிப்பில் போட்டால் வாட்ஸாப்பில் வெட்டி அனுப்புகிறவர் அதை விட்டுவிடுவார்.

14. முடிவு வந்த பிறகு ஒரு ரூபாய் வேலை

முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்ப்பதற்கான கட்டணம் ஒரு ரூபாய். வேலூர்த் தொகுதி என்றால் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ். லோக்கல் கேபிள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போங்கள். மாநிலச் சேனல் தாள் அங்கே பயன்படாது, கட்சியின் கணக்கு தேர்தல் ஆணையத்துக்குத் தனியாகப் போகிறது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு 90 நாள், சட்டமன்றத்துக்கு 75 நாள் அவர்களுக்கு அவகாசம்.

கணக்கில் கேபிள் விளம்பரம் என்ற வரியைத் தேடுங்கள். எந்தச் சேனல், எத்தனை நாள் என்று இருக்கும். உங்கள் தாளில் அந்தச் சேனல், அந்த நாள் இருக்கிறதா என்று பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். டிக் விழாத இடங்கள் இரு பக்கமும் இருக்கும்: கணக்கில் இருந்து நீங்கள் பார்க்காதவை, நீங்கள் பார்த்துக் கணக்கில் வராதவை. முதல் வகைக்கு நீங்கள் அந்த நேரத்தில் டிவி முன் இல்லாதது காரணமாக இருக்கலாம். இரண்டாம் வகையை நேரத்தோடும் போட்டோவோடும் தனியாக நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன் போனால் நல்லது.